முதல் சன்மானம் யாருடையது?

ஏழைக்கும் பணக்காரனுக்கும் நடக்கும் வழக்கை நம்முடைய கதைகளும் நாடகங்களும் சினிமாக்களும் ஓயாமல் விசாரித்து, பெரும்பாலும் ஏழைக்குச் சாதகமாகவே தீர்ப்பும் சொல்லிவிட்டிருக்கின்றன. ஆனால், சீமானுக்கும் சீமானுக்கும் நடக்கும் வழக்கு ஒன்று உண்டு. அதில் ஒருவருடைய பெட்டி காலியாகி வெகு காலம் ஆகியிருக்கும், மற்றவருடைய பெட்டியோ நாளுக்கு நாள் நிரம்பிக்கொண்டிருக்கும். அப்படியிருந்தும், சபையில் யார் எந்த ஆசனத்தில் அமர்வது, யாரைக் கண்டு யார் எழுந்து நிற்பது, ஆட வந்தவளுக்குச் சன்மானம் கொடுக்க யார் கை முதலில் நீள்வது என்பவை போன்ற, ரூபாய் அணாக் கணக்கில் அடங்காத விஷயங்களுக்காகவே இருவரும் மல்லுக்கு நிற்பார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாகவும், உள்ளே இருப்பவர்களுக்கு உயிர்போகிற காரியமாகவும் இருக்கும் இந்த வழக்கை, சுமார் 100 நிமிஷங்களில், ஒரு மாளிகையையும் அதன் எதிரே ஓடும் ஆற்றையும் விட்டு அதிகமாக நகராமலே விசாரித்த படம், சத்தியஜித் ராய் 1958-இல் வெளியிட்ட ‘ஜல்சாகர்’ என்ற வங்காளிப் படம். ஜல்சாகர் என்றால் சங்கீத மண்டபம்.

இந்தப் படத்தை ராய் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், விந்தையாக, வசூலைப் பற்றிய கவலைதான். அவருடைய ‘அபராஜிதோ’ 1957-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் பரிசைப் பெற்றதாயினும், சொந்த ஊரான கல்கத்தாவில் அது ஓடவில்லை. ஆகவே, பாட்டும் நடனமும் நிறைந்த ஒரு கதையை எடுத்தால் ஜனங்கள் ரசிப்பார்கள் என்று எண்ணி, தாராசங்கர் பந்தோபாத்யாயரின் சிறுகதை ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார். பீர்பூம் ஜில்லாவில், தேய்ந்துகொண்டிருந்த சிறு ஜமீன் குடும்பம் ஒன்றில் பிறந்தவரான தாராசங்கருக்கு, பழைய பிரபுக்கள் விழுவதும் புதுப் பணக்காரர்கள் எழுவதும் பிறரிடம் கேட்டறிய வேண்டிய சமாசாரங்கள் அல்ல. கதை அப்படிப்பட்டது, எடுத்தவர் இப்படிப்பட்டவர்; எனவே, ஜனரஞ்சகமாக இருக்கட்டும் என்று தொடங்கிய படம், பாட்டும் நடனமும் குறைவின்றி இருந்தும், பார்த்தவர் மனத்தைக் கனக்கச் செய்யும் சோகமாக முடிந்தது.

கதையின் நாயகரான ஜமீன்தார் விசுவம்பர ராயைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், வங்காளத்து ஜமீன்தார் என்பவர் எப்படி உண்டானார் என்பதைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். 1793-இல் காரன்வாலிஸ் பிரபு கொண்டுவந்த நிரந்தர நிலவரித் திட்டத்தின்படி, குடியானவர்களிடம் வசூலாகும் வாரத்தைப் பதினொரு பங்காக்கினால் பத்துப் பங்கு கம்பெனி சர்க்காருக்கும், எஞ்சிய ஒரு பங்கு ஜமீன்தாருக்கும் என்று ஏற்பாடாயிற்று. சர்க்காருக்குச் சேர வேண்டிய தொகை என்றென்றைக்கும் மாறாது என்று வாக்களிக்கப்பட்டதனால், பிற்காலத்தில் காடு திருத்தி, சாகுபடி பெருகி, வாரம் உயர்ந்தபோது அந்த லாபம் முழுவதும் ஜமீன்தாரின் மடியில் விழுந்தது. விழுந்த பணம் மாளிகையாகவும், யானையாகவும், சரவிளக்காகவும், லக்னோவிலிருந்து வரவழைக்கப்பட்ட பாடகியாகவும் உருமாறியது. ஆனால், அதே திட்டத்தில் ஒரு கத்தியும் தொங்கிக்கொண்டிருந்தது: கெடு நாளில் சூரியன் அஸ்தமிப்பதற்குள் கிஸ்தி கட்டப்படாவிட்டால், எத்தனை தலைமுறை ஆண்ட ஜமீனானாலும் ஏலத்துக்குப் போய்விடும். திட்டம் வந்த ஆரம்ப காலத்திலேயே அப்படி ஏலம் போன பழைய ஜமீன்கள் ஏராளம்; அவற்றை எடுத்தவர்களோ, கல்கத்தாவில் வியாபாரம் செய்து பொருள் சேர்த்தவர்களும், கம்பெனி உத்தியோகஸ்தர்களுக்குத் துபாஷிகளாக இருந்தவர்களும், சில இடங்களில் அந்தந்த ஜமீன்தாரிடமே காரியஸ்தராக இருந்து எஜமானரின் பலவீனங்களை நன்றாக அறிந்திருந்தவர்களுமே ஆவர். இந்தச் செய்தியை வாசகர் மனத்தில் வைத்திருக்க வேண்டும். படம் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் படத்தின் நியாயம் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

இருளில் மெல்ல ஊசலாடும் ஒரு பெரிய சரவிளக்கோடு படம் தொடங்குகிறது. பிறகு, மாளிகையின் மொட்டை மாடியில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, இப்போது எந்த மாதம் என்று வேலைக்காரன் அனந்தனிடம் விசாரிக்கும் விசுவம்பர ராயை நாம் காண்கிறோம். காலம் நகர்வதையே மறந்துவிட்ட அந்த மனிதரின் காதில் எங்கிருந்தோ ஷெனாய் வாசிப்பு வந்து விழுகிறது. லேவாதேவிக்காரரின் மகனான மகிம் கங்கூலி, தம் பிள்ளைக்கு உபநயனம் செய்கிறார் என்று தெரியவருகிறது. அந்த ஓசை விசுவம்பர ராயைத் தம்முடைய மகன் உபநயனத்தின் நினைவுக்கு இழுத்துச் செல்கிறது. அன்று மனைவியின் நகைகள் அடகுக் கடைக்குப் போயின. அதற்குப் பதிலாக வந்த பணத்தில் வாணவேடிக்கைகள் வானில் சிதறின. பாடகி பேகம் அக்தர் சங்கீத மண்டபத்தில் அமர்ந்து பாட, ஊர்ப் பெரிய மனிதர்கள் திண்டுகளில் சாய்ந்து ரசித்தனர். ஆறோ, கரையோரத்து நிலங்களை வருஷந்தோறும் விழுங்கிக்கொண்டிருந்தது, வருமானம் கரைந்துகொண்டிருந்தது, மனைவி மகாமாயா கண்டித்துக்கொண்டிருந்தாள், காரியஸ்தரோ கையைப் பிசைந்துகொண்டிருந்தார். இவர்களில் யார் சொல்லும் அவர் காதில் ஏறவில்லை.

பின்னர் மகிம் புது வீடு கட்டி, வருஷப் பிறப்பன்று கிருகப் பிரவேசத்துக்கு அழைக்க நேரில் வருகிறார். அழைத்தவர் வீட்டுக்குப் போய் விருந்துண்டு திரும்புவது சாதாரண மனிதர்களின் வழக்கம். ஆனால், அழைத்தவர் வட்டிக்காரரின் மகனாக இருக்கையில், போவதே தோல்வி என்று நினைக்கிறவர் ராய். அதே மாலையில் தம் மாளிகையிலும் கச்சேரி இருப்பதாக, அதுவரை நினைத்தும் பார்த்திராத ஒன்றை, அந்த க்ஷணத்தில் அறிவித்துவிடுகிறார். மிஞ்சியிருந்த நகைகள் வெளியே வருகின்றன. பிறந்தகம் போயிருந்த மனைவியையும் மகனையும் உடனே திரும்பிவரச் சொல்லி ஆள் போகிறது. அன்றிரவு புயல் எழுகிறது. பாடகர் சலாமத் அலி கானின் பாட்டு மண்டபத்தை நிறைத்துக்கொண்டிருக்க, சரவிளக்கு ஆடுகிறது. மதுக் கிண்ணத்தில் விழுந்த பூச்சி ஒன்று கரையேற முடியாமல் தத்தளிக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே அமர்ந்திருக்கும் ராயின் முகத்தில் பயம் மெல்லப் படர்கிறது. படகு கவிழ்ந்து மனைவியும் மகனும் மாண்ட செய்தி வந்து சேரும்போது கச்சேரி முடியவில்லை. தந்தையின் சங்கீத வாசனையைப் பெற்று, அவர் எஸ்ராஜ் வாசிக்கப் பாடிப் பழகிய பிள்ளை அது. வம்ச கௌரவத்தைக் காப்பாற்றுவதற்காக நடத்திய ஒரு கச்சேரி, அந்த வம்சத்தின் ஒரே வாரிசைக் கொண்டுபோய்விட்டது.

இங்கே மகிமைப் பற்றிச் சொல்ல வேண்டும். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்ற நம்முடைய பழமொழிக்கு உருவம் கொடுத்தாற்போல இருப்பவர் அவர். கச்சேரியில் பாட்டு உருகிக்கொண்டிருக்கையில் அவர் நெளிகிறார்; தாமாகவே முன்னுக்கு வந்தவன் என்று பெருமை பேசுகிறார்; அவர் வீட்டில் மின்சார விளக்கு எரிகிறது, அதற்கான இயந்திரத்தின் உறுமல் ஜமீன் மாளிகைவரை கேட்கிறது. ஒரு காட்சியில், ராய் தம்மிடம் மிஞ்சியிருக்கும் மோத்தி என்ற யானையை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். பரந்த மணல்வெளியில் அது தனியே நிற்கிறது. மகிமின் லாரி ஒன்று குறுக்கே ஓடி, புழுதியைக் கிளப்பி, யானையை மறைத்துவிட்டுப் போகிறது. ஒரு யுகம் மற்றொரு யுகத்தை எப்படி மறைக்கிறது என்பதற்குப் பத்துப் பக்கம் வசனம் எழுதக்கூடியவர்கள் உண்டு. சத்தியஜித் ராய் ஒரு லாரியை ஓட்டிவிட்டதோடு நிறுத்திக்கொண்டார்.

ஆனால் மேற்சொன்ன பழமொழியைச் சற்று நிதானித்து யோசித்தால், அதைச் சொன்னவர் யாராக இருக்கக்கூடும் என்ற கேள்வி எழுகிறது. ஏற்கெனவே குடை உள்ளவர்களுக்குத்தானே பிறன் குடை உறுத்தும்? மகிம் செய்த குற்றங்கள் என்ன? அவர் உழைத்துப் பணம் சேர்த்தார்; பெரிய மனிதர்கள் செய்வதையெல்லாம் தாமும் செய்ய ஆசைப்பட்டார்; தம்மை அலட்சியம் செய்தவரின் வாசலுக்கே திரும்பத் திரும்ப வந்து, அழைப்பு வைத்து, ‘நீரும் எங்களில் ஒருவர்’ என்ற ஒரு வார்த்தைக்காகக் காத்துநின்றார். இருவருக்கும் ஜாதியிலும் ஏற்றத்தாழ்வு இருப்பதாகப் படம் காட்டவில்லை. இவர் பிள்ளைக்கும் உபநயனம், அவர் பிள்ளைக்கும் உபநயனம். வேற்றுமையெல்லாம் பணத்தின் வயதில்தான் இருக்கிறது.

நான்கு வருஷங்கள் பூட்டிக் கிடந்த சங்கீத மண்டபம் மறுபடி திறக்கப்படுவதும் மகிமின் காரணமாகத்தான். அவர் தம் வீட்டில் புதிதாக ஒரு சங்கீத மண்டபம் அமைத்து, கிருஷ்ணாபாய் என்ற கதக் நர்த்தகியை வரவழைத்து ஆடச் செய்கிறார். அதைக் கேள்வியுற்ற ராய், கஜானாவில் ஒட்டிக்கொண்டிருந்த கடைசிப் பணத்தைத் திரட்டி, அதே நர்த்தகியைத் தம் மாளிகைக்கு அழைக்கிறார். கண்ணாடிகளின் புழுதி துடைக்கப்படுகிறது. சரவிளக்கில் மெழுகுவத்திகள் ஏறுகின்றன. கிழவன் அனந்தனுக்கு வயது குறைந்துவிட்டாற்போல ஒரு குதூகலம். கிருஷ்ணாபாயாக ஆடும் ரோஷன் குமாரியின் சதங்கைகள் விளாசித் தள்ளுகின்றன, தாளம் துரிதமாகி உச்சத்தைத் தொட்டு ஓய்கிறது, சபை ஆரவாரிக்கிறது. மகிமுக்கு உற்சாகம் தாங்கவில்லை. பணத்தை எடுத்து நர்த்தகியை நோக்கி நீட்டுகிறார். அப்போது ஒரு கைத்தடியின் வளைந்த பிடி மெதுவாக வந்து அந்தக் கையைக் கொக்கி போட்டு நிறுத்துகிறது. தடியின் மறுமுனையில் ராய் இருக்கிறார். முதல் சன்மானம் அளிக்கும் உரிமை வீட்டுக்குடையவனுக்கே உரியது என்று அவர் அமைதியாகச் சொல்கிறார். குரலை உயர்த்தவில்லை, கோபம் காட்டவில்லை. பிறகு பணப்பையை எடுத்து, இனி நாளைய சாப்பாட்டுக்கு வழி என்ன என்று எண்ணாமல், அப்படியே அவளுக்கு வழங்கிவிடுகிறார்.

உலக சினிமாவில் வர்க்க வித்தியாசத்தைக் காட்டிய காட்சிகள் பல உண்டென்றாலும், இத்தனை சிக்கனமாகக் காட்டிய காட்சி வேறொன்று இருப்பது அரிது. மகிமால் மாளிகை கட்ட முடிந்தது. நர்த்தகியை வரவழைக்க முடிந்தது. வேண்டுமானால் அந்த ஜமீனையே ஏலத்தில் எடுத்துவிடவும் முடியும். ஆனால், எப்போது கொடுக்க வேண்டும், எப்போது கை கட்டிக் காத்திருக்க வேண்டும் என்ற வரிசைமுறையை மட்டும் அவரால் விலைக்கு வாங்க முடியவில்லை. அந்த வரிசைமுறை தெரிந்தவரிடமோ, அதைக் காப்பாற்றியதற்கு அப்பால் ஒன்றும் மிச்சமில்லை.

விருந்தினர் போன பிறகு, வெற்றி போதையும் மது போதையும் ஒன்றாக ஏற, ராய் சுவரில் மாட்டியிருக்கும் முன்னோர்களின் சித்திரங்களுக்குக் கிண்ணத்தை உயர்த்தி மரியாதை செய்கிறார். மகிமால் தம்மை ஜெயிக்க முடியாமற் போனதற்குக் காரணம் இரத்தம், தம் நரம்புகளில் ஓடும் இரத்தம், என்று அனந்தனிடம் முழங்குகிறார். தம்முடைய சித்திரத்தின்மேல் ஊரும் சிலந்தியைக் கண்டு திடுக்கிட்டுத் தடியால் விரட்டுகிறார். மெழுகுவத்திகள் ஒவ்வொன்றாக அணையத் தொடங்கியதும் பீதி பிடிக்கிறது. பொழுது விடிந்துவிட்டது, அதனால்தான் விளக்குகள் அணைகின்றன என்று அனந்தன் சொல்லியும் அடங்காமல், துஃபான் என்ற தம் குதிரையின் மேல் ஏறி ஆற்று மணலில் வெறியோடு பாய்கிறார். மணலில் கவிழ்ந்து கிடந்த ஒரு படகைக் கண்டு குதிரை மிரள, கீழே விழுந்து உயிர் துறக்கிறார். ஓடிவந்த அனந்தன் மணலில் காண்பது இரத்தத்தை. இரவெல்லாம் எதைப் பற்றி அவர் பெருமை பேசினாரோ அதே இரத்தம். எவருடைய உடம்பிலிருந்து வழிந்தாலும் அதன் நிறம் அதுதான்.

இத்தனை கடுமையாகத் தீர்ப்புச் சொல்லும் படம், விசுவம்பர ராயின்மேல் நமக்கு இரக்கம் உண்டாகும்படி செய்வது எப்படி? அதற்கு இரண்டு பேர் பொறுப்பாளிகள். ஒருவர், ராயாக நடித்த சபி பிசுவாஸ். தளர்ந்த நடையிலும் தளராத முதுகிலும் ஒரு பிரபுவின் முழு வரலாற்றையும் காட்டிவிடும் அந்த நடிகர், உண்மையில் சங்கீத ஞானம் இல்லாதவர் என்பது, படத்தில் அவர் பாட்டில் லயிக்கும் அழகைப் பார்த்தவர்களுக்கு நம்பமுடியாத செய்தியாக இருக்கும். மற்றவர், இசையமைத்த சிதார் மேதை விலாயத் கான். அவருடைய தந்தை எனாயத் கானை ஆதரித்தது கௌரிபூர் ஜமீன்; விலாயத் கான் பிறந்ததும் அந்த ஊரிலேதான். உப்பிட்டவரை மறக்காத அந்த வித்துவானின் இசை, ஜமீன்தாரின் வீழ்ச்சியை முழுக்க முழுக்க ஒரு மகானின் வீழ்ச்சியாகவே கருதியது. சிறிது பரிகாசமும் கலந்திருக்க வேண்டுமென்று விரும்பிய சத்தியஜித் ராய்க்கு அந்த இனிமை சற்று அதிகமாகவே பட்டது. இந்தக் கருத்து வேற்றுமை படத்துக்கு நன்மையாகவே முடிந்தது என்று சொல்ல வேண்டும். காமிரா ஜமீன்தாரைக் குறை சொல்கிறபோதெல்லாம் சிதார் அவருக்காக மன்றாடுகிறது, பார்க்கிறவர்கள் இரண்டையும் ஒருங்கே கேட்க நேர்கிறது.

‘ஜல்சாகர்’ வெளிவந்த அதே 1958-இல், இத்தாலியில், சிசிலித் தீவின் பிரபு வம்சத்தைச் சேர்ந்த லாம்பெதூசா எழுதிய ‘சிறுத்தை’ என்ற நாவல், அவர் காலமான பின் அச்சேறியது; 1963-இல் அதை விஸ்கோந்தி படமாக எடுத்தார். அவரும் மிலான் நகரத்துப் பிரபு குடும்பத்தவர். 1860-இல் கரிபால்டியின் படை சிசிலியில் இறங்க, பழைய உலகம் ஆட்டம் காணும் வேளையில், சாலினா பிரபு என்ன செய்கிறார்? விருந்துக்குப் பொருந்தாத வால்கோட்டு அணிந்து வந்து எல்லோருடைய சிரிப்புக்கும் ஆளாகும் ஊர்த் தலைவர் செதாராவின் மகள் ஆஞ்செலிகாவைத் தம் மருமகன் தாங்கிரெதிக்கு மணம் முடித்துவைக்கிறார். புதிதாக வரும் செல்வத்துக்கு வம்சத்தின் கதவைத் திறந்துவிட்டு, தாம் மட்டும் துயரத்தோடு ஒதுங்கிக்கொள்கிறார். சிசிலியில் சம்பந்தத்தால் முடிந்த வழக்கு வங்காளத்தில் சாவால் முடிகிறது. சாலினா பிரபுவுக்கு இருந்த உலக ஞானம் விசுவம்பர ராய்க்கு இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால், தழுவிக்கொள்ள ஒரு மருமகனோ மகனோ இருந்தால்தானே அந்த ஞானத்துக்குப் பயன்? கர்வம் அவருடைய மகனை முன்னமே கொண்டுபோய்விட்டது.

இனி, முன்னே நினைவில் வைக்கச் சொன்ன செய்திக்கு வருவோம். சுவரில் சட்டமிட்டுத் தொங்கும் அந்த முன்னோர்களில் முதலாமவர் யார்? படம் சொல்லவில்லை. ஆனால், வங்காளத்து ஜமீன்களில் பலவற்றின் ஆதிபுருஷரைத் தேடிக்கொண்டு போனால், சூரிய அஸ்தமனத்துக்குள் கிஸ்தி கட்டத் தவறிய ஒரு பழைய பிரபுவின் எஸ்டேட்டை ஏலத்தில் எடுத்த ஒரு மகிம் கங்கூலியில்தான் போய் நிற்போம். அந்த ஆதி மகிமும் தம் காலத்தில் சபையில் நெளிந்திருப்பார். சன்மானத்தை அவசரப்பட்டு நீட்டியிருப்பார். அவர் கையையும் யாரோ ஒருவருடைய தடி தடுத்திருக்கும். அவர் பேரப்பிள்ளைகள் பாட்டைக் கேட்டு வளர்ந்தார்கள், பொருள் தேடும் கவலையின்றி ரசிக்கக் கற்றார்கள், அந்தப் பழக்கத்துக்கு இரத்தம் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். விசுவம்பர ராயின் ரசனை உண்மையானது, உயர்ந்தது. அது இரத்தத்தில் வந்தது என்பதுதான் பொய்.

இந்த ரசனைக்கெல்லாம் கிஸ்தி கட்டியவர்களோ படத்தில் அநேகமாகக் காணப்படுவதில்லை. வாரம் அளந்த குடியானவர்களின் குடிசைகளும் வயல்களும் காமிராவுக்குள் வரவில்லை. நாம் காண்பது வெறும் மணல்வெளியும் தண்ணீரும். இதை ஒரு குறையாகச் சொல்பவர்கள் உண்டு. மாடியில் அமர்ந்திருப்பவரின் கண்ணுக்கு எது தெரியுமோ அதைமட்டும் காட்டும் படம் என்று கொண்டால், அந்த வெறுமையே ஒரு குற்றப் பத்திரிகையாகிவிடுகிறது.

படம் எடுக்கப்பட்ட மாளிகை, முர்ஷிதாபாத் ஜில்லாவில் பத்மா நதிக்கரையிலுள்ள நிம்திதாவில் இருக்கிறது. ஏறக்குறைய 30 அரண்மனைகளைப் பார்த்தும் திருப்தியடையாத சத்தியஜித் ராய்க்கு, லால்கோலாவில் டீக்கடையில் சந்தித்த ஒரு பெரியவர் இதைப் பற்றிச் சொன்னார். இடம் கிடைத்துவிட்டதென்று தாராசங்கரிடம் தெரிவித்தபோது, தம் கதையில் வரும் ஜமீன்தாருக்கு மாதிரியாக இருந்தவர் அதே நிம்திதாவைச் சேர்ந்த உபேந்திர நாராயண சௌத்ரி என்பது அவர் வாயிலாக வெளிப்பட்டது. கதையாசிரியர் அந்த மாளிகையை நேரில் பார்த்தவர் அல்லர். அதன் பிரபுவைப் பற்றிப் புத்தகத்தில் படித்தவர். வெளிப்புறக் காட்சிகள் நிம்திதாவில் எடுக்கப்பட, சங்கீத மண்டபத்தைக் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா கல்கத்தா ஸ்டூடியோவில் நிர்மாணித்தார்.

அந்த வேளையில் ஜமீன்தார் என்ற ஜாதியே நாட்டில் மறைந்துகொண்டிருந்தது. 1802-இல் இதே நிரந்தர நிலவரித் திட்டம் புகுத்தப்பட்டு, சிவகங்கை, இராமநாதபுரம் போன்ற பாளையங்கள் ஜமீன்களாக்கப்பட்ட நம் சென்னை மாகாணத்தில் 1948-ஆம் வருஷத்துச் சட்டமும், மேற்கு வங்காளத்தில் 1953-ஆம் வருஷத்துச் சட்டமும் அந்த முறையை ஒழித்தன. ஆகவே, 1958-இல் கொட்டகையில் அமர்ந்திருந்த வங்காளிக்கு விசுவம்பர ராய் புராண புருஷர் அல்லர்; நேற்றுவரை தன் ஊரில் பல்லக்கில் போனவர். மகிமின் வம்சத்துக்கோ, மூன்று தலைமுறை காத்திருந்து சித்திரம் மாட்டிக்கொள்ளும் அவகாசத்தைச் சட்டம் கொடுக்கவில்லை.

சங்கீதம் மட்டும் இருவரையும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானின் குரல் 1902-லேயே இசைத்தட்டில் ஏறிவிட்டது. பின்னர் ரேடியோ வந்தது, சங்கீத மாநாடுகள் வந்தன. பிரபுவின் தயவில் இருந்த வித்துவான்கள் டிக்கெட் வாங்கி வந்த குமாஸ்தாவுக்கும் பள்ளிக்கூட வாத்தியாருக்கும் பாடத் தொடங்கினார்கள். ஒரு ராகத்துக்காக ஜமீனையே தொலைக்கும் ரசிகர் அந்தக் கூட்டத்தில் இல்லாமலிருக்கலாம்; ஆனால், விசுவம்பர ராய் தம் இரத்தத்துக்கே உரியதென்று நம்பிய அந்தக் காது, இரண்டு ரூபாய் டிக்கெட்டுக்காரர்களிடமும் இருந்தது. அங்கே, வித்துவானுக்கு முதலில் கொடுப்பது யார் என்ற வழக்கு எழவே இல்லை. எல்லோரும் வாசலிலேயே கொடுத்துவிட்டு உள்ளே வந்திருந்தார்கள்.